சாட்சியும் ஜாமீனும்

கார்ப் பந்தயத்தை நேரில் பார்ப்பவன் குறைவாகத்தான் பார்க்கிறான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்கச் சௌகரியமாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். எங்கே நின்றாலும் அதில் ஒரு துண்டுதான் கண்ணுக்கு அகப்படும். கார்கள் முதலில் சப்தமாக வருகின்றன, பிறகு நிறமாக, அப்புறம் இல்லை. அவை அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கம் என்ன நடந்தது, யார் யாரை முந்தினார்கள் என்பது தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். அவருக்கும் தெரியாது. ஒலிபெருக்கிக்காரர் சொல்லத் தொடங்கும்போது அடுத்த கார்கள் வந்து அவர் குரலை விழுங்கிவிடும். வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கோ எல்லா வளைவுகளும் தெரிகின்றன. ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கில் படும் பாடுகூடத் தெரிகிறது.

படவேட்டிலிருந்து ஆரணி, காஞ்சிபுரம் என்று பஸ் மாறி அங்கே போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகிவிடும். குறைவாகப் பார்ப்பதற்காக ஒருவன் ஏன் இவ்வளவு தூரம் போகிறான் என்பதுதான் என் கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. போன பிறகு அவன் அங்கே யார்?

ரசிகர்களைக் கேட்டால் சப்தம் என்பார்கள். உண்மைதான். அந்தச் சப்தத்தைக் காதைவிட விலா எலும்பு முதலில் கேட்கிறது. ரப்பர் தீயும் வாசனை, பெட்ரோல் நெடி, வெயில், இவையெல்லாம் சேர்ந்த ஒரு கிறக்கம் உண்டு. ஆனால் நெஞ்சை அதிரவைக்கும் சப்தத்தை இன்று எந்த சினிமாத் தியேட்டரும் தந்துவிடும். சப்தம் மட்டும் காரணமாக இருந்தால் வேலூரோடு நின்றுவிடலாம்.

சோழவரம் பந்தயங்களுக்குப் போய்வந்த முன் தலைமுறைக்காரர்கள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறக்கும்வரை தென்னாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். யார் ஜெயித்தார்கள் என்பது இவர்களுக்கு மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான்: பியட், அம்பாசிடர், ஹெரால்டு. கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் அதே கார், டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் அதே கார், அங்கே வெறி பிடித்து ஓடியது. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒரு பெரிய மரபே இந்த ஆச்சரியத்தின் மேல் கட்டப்பட்டது. 1948ல் நாஸ்கார் அமைப்பு தோன்றியபோது மூலக் கருத்து, கடையில் விற்கும் காரே ஓட வேண்டும் என்பதுதான். இன்று அந்தக் கார்களுக்கு உருவம் மட்டும் தெருக் காரைப் போல. உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை. இருந்தாலும் உருவத்தை அவர்கள் விடவில்லை. காரணம் புரிகிறது. ஓடுவது நம்முடைய பொருள், ஓட்டுகிறவன் நம்மில் ஒருவன் என்ற உணர்வு பார்வையாளனுக்கு வேண்டியிருக்கிறது. அவனுக்கு நேர்வது தனக்கும் நேரக்கூடியது என்று தோன்ற வேண்டும். ஆனால் நேரக் கூடாது.

இங்கேதான் பழைய குற்றச்சாட்டு வருகிறது. விபத்தைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் போகாதவர்கள். நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வளைவில் பிடி இழந்து புரண்டு தலைகீழாக நின்றது. கூட்டத்தில் ஒரு சப்தமும் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. கதவு வழியாக ஒரு கை வந்தது, பிறகு ஹெல்மெட் வந்தது. அந்த இளைஞன் எழுந்து நின்று கையை ஆட்டினான். அன்று ஜெயித்தவனுக்குக் கிடைக்காத கைதட்டல் அவனுக்குக் கிடைத்தது. “பொழைச்சான் தம்பி” என்றார் பெரியவர். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பொய்யில்லை. மரணத்தைப் பார்க்க வந்த முகம் அல்ல அது.

ஆனால் அந்தக் கைதட்டல் எதற்கு? அவன் திறமைக்கு அல்ல. அவன் தவறி விழுந்தவன். உயிரோடு எழுந்து வந்து நம்மை அவன் விடுதலை செய்தான், அதற்காகத் தட்டினோம். இதை யோசித்தால் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாமல் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் மரணத்தை விரும்பிப் போகவில்லை. அதன் சாத்தியத்தை விரும்பிப் போகிறோம். அந்தச் சாத்தியம் கொஞ்சமும் இல்லாத பந்தயத்துக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்காரமாட்டோம். சாத்தியம் இருக்க வேண்டும், நடக்கக் கூடாது. இந்த ஆசைக்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு, பில்லை வேறொருவன் பெயரில் போடச் சொல்கிற சாமர்த்தியம்.

சாத்தியம் சில சமயம் நடந்துவிடுகிறது. 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனாவில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதிற்று. பார்த்தவர்களுக்கு அது சாதாரண மோதலாகத்தான் தெரிந்தது. அதைவிடக் கோரமானவற்றிலிருந்து ஆட்கள் எழுந்து நடந்து போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஜெயித்தவனுக்காகக் கூட்டம் ஆரவாரித்தது. அவர் இறந்த செய்தி பிறகுதான் அறிவிக்கப்பட்டது. அத்தனை ஆயிரம் பேர் ஒரு மரணத்தைக் கண்ணால் பார்த்தார்கள், பார்த்தோம் என்று தெரியாமல். நேரில் இருப்பதால் உண்மை தெரிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நேரில் இருப்பதன் பொருள் அறிவில் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு வழி காட்டுகிறது. பிரிட்டனில் புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயப் பாதை 1907ல் திறக்கப்பட்டது. 1930ல் அங்கே இரண்டு கார்கள் உரசிக்கொண்டதில் ஒன்று தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்கள்மேல் விழுந்தது. சிலர் இறந்தார்கள். காயம் பட்ட ஒருவர் வழக்குப் போட்டார். கீழே அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. 1932ல் மேல்முறையீட்டில் அது ரத்தாயிற்று. பந்தயத்தில் இயல்பாக உள்ள ஆபத்து இது, எந்தப் பார்வையாளனும் அறிந்ததே, டிக்கெட் வாங்கி வந்தவன் அதை ஏற்றுக்கொண்டு வந்தவன் என்பது தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்டவருக்கு இது கொடுமை. எனக்கோ இதில் ஒரு வாசகம் படிக்கக் கிடைக்கிறது. டிக்கெட் ஒரு கையெழுத்து என்கிறது சட்டம். கையெழுத்து என்றால் எந்த மாதிரிக் கையெழுத்து?

நான் வங்கியில் குமாஸ்தா. கையெழுத்துக்களோடுதான் என் ஜீவனம். கடன் பத்திரங்களில் கடன் வாங்குபவர் தவிர வேறு இரண்டு வகை மனிதர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் சாட்சி. இன்னார் என் கண் முன்னால் கையெழுத்திட்டார் என்பதோடு அவர் வேலை முடிந்தது. மற்றவர் ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, இவர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். ஆரணிப் பக்கத்தில் தறிக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்தால் பக்கத்துத் தறிக்காரர் ஜாமீன் போட வருவார். கடன் நின்றுபோய் நோட்டீஸ் போகும்போது அவர் கவுண்டருக்கு வந்து சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: “நான் சும்மா கையெழுத்துதான் சார் போட்டேன்.” பணத்தில் ஒரு பைசா அவர் தொடவில்லை. அதனால் தன்னைச் சாட்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பத்திரம் அவரை ஜாமீன்தாரர் என்கிறது.

“சும்மா பார்க்கத்தான் போனேன்” என்பது அந்த வாக்கியத்தின் உடன்பிறப்பு. பந்தயப் பார்வையாளன் தன்னைச் சாட்சி என்று எண்ணுகிறான். நடந்ததைப் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் அவனுடைய டிக்கெட்டும், ஆரவாரமும், அங்கே வந்து நின்ற உடம்பும் இந்த ஆபத்து நடக்கத் தகுந்தது என்று உறுதிமொழி தருகின்றன. அவன் ஜாமீன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓட்டுகிறவன் எனக்காக ஓட்டவில்லை. தன் காசைச் செலவழித்து, தன் பித்தத்துக்காக ஓட்டுகிறான். காலியான கேலரிக்கு முன்னாலும் ஓட்டுவான். இருங்காட்டுக்கோட்டையில் பல நாட்கள் கேலரி காலியாகத்தான் இருக்கிறது. 2023 ஜனவரி 8 அன்று அங்கே விபத்தில் இறந்த கே. ஈ. குமாருக்கு வயது 59. அனுபவம் மிக்கவர், தான் செய்வதன் விலை தெரிந்தவர். அவரிடம் போய், நான் பார்த்ததால்தான் நீ ஓட்டினாய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்யதை? இந்த மறுப்பைப் பெரிதும் ஏற்றுக்கொள்கிறேன். வளர்ந்த மனிதன் தெரிந்து எடுக்கும் ஆபத்தில் அவனுடைய கையெழுத்தே முதல் கையெழுத்து.

அதே வருஷம் ஆகஸ்டில் அதே பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அவனுக்கு வயது 13. மறுப்பு இங்கே வந்து உடைகிறது. மைனரின் கையெழுத்தை எந்த வங்கியும் வாங்காது. ஒப்பந்தச் சட்டத்தின்படி அது செல்லாது. ஆசை அவனுடையதாக இருக்கலாம், திறமை நிச்சயம் அவனுடையது. ஆபத்தை ஏற்கும் சம்மதம் மட்டும் அவனிடமிருந்து பெறக்கூடிய பொருள் அல்ல. அப்படியானால் அந்தப் பத்திரத்தில் செல்லுபடியான கையெழுத்துக்கள் யாருடையவை? சுற்றி இருந்த பெரியவர்களுடையவை மட்டும். சின்னப் பையன்கள் ஓட்டுவதை “அடேயப்பா” என்று பார்த்த கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஜில்லாவிலும் வேலூர்ப் பக்கமும் தை, மாசியில் எருது விடும் விழா நடக்கிறது. தெருவின் ஒரு முனையில் விடப்படும் காளை குறித்த தூரத்தை மிகக் குறைந்த விநாடிகளில் கடந்தால் பரிசு. இதுவும் வேகப் பந்தயம்தான். தடுப்பு கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. தடுப்புக்கு உள்ளே ஜனங்களும் இருக்கிறார்கள். பார்க்க வந்தவன் குத்துப்பட்டான் என்ற செய்தி இல்லாமல் வருஷம் போவது அபூர்வம். இங்கே பார்வையாளன் தன் உடம்பையும் பணயம் வைக்கிறான், ஆகவே இது நேர்மையானது என்று வாதிக்கத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. காளை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. என் விலாவைப் பணயம் வைப்பதால் அதன் கணக்கு நேராகிவிடாது.

மகாபாரதத்தில் இரண்டு பார்வையாளர்கள் இருக்கிறார்கள். யுத்தத்தைக் காணக் கண் தருகிறேன் என்கிறார் வியாசர். திருதராஷ்டிரன் வேண்டாம் என்கிறான். சொந்த ஜனங்கள் சாவதைப் பார்க்க அவனுக்கு மனமில்லை. ஆனால் ஒன்று விடாமல் சஞ்சயன் வாய்வழி கேட்டுக்கொள்கிறான். இன்னொருவன் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தின் அரவான். யுத்தம் தொடங்கும் முன்பே களப்பலியாகிவிட்டவன். வெட்டிய தலை மட்டும் யுத்தத்தைக் கடைசிவரை பார்க்கும் வரம் பெறுகிறது. பார்ப்பதற்கான விலையை முன்கூட்டியே முழுதாகக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். நாம் அரவான் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. திருதராஷ்டிரனாக இருப்பது மிகச் சுலபம். ஆசையை வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடிக்கொண்டால் போதும். நேரில் போகிறவன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறான். அந்த இடத்துக்கு உரிய நடத்தை என்ன என்பதே பிரச்னை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. ஜாமீன் போடுவது பாவம் இல்லை; யாரும் ஜாமீன் போடாத ஊரில் யாரும் தறி போட முடியாது. ஆனால் நல்ல ஜாமீன்தாரர் கடனாளியின் வீட்டுப் பக்கம் அவ்வப்போது போய் வருவார். தறி ஓடுகிறதா, பாவு வந்ததா என்று விசாரிப்பார். அது தலையீடு அல்ல, அவருடைய உரிமை. பார்வையாளனுக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது? அந்த வளைவில் டயர் தடுப்பு போதுமா? வண்டியில் இருப்பவனுக்கு என்ன வயது? இந்தக் கேள்விகளைக் கேட்பவன்தான் தன் கையெழுத்தைப் படித்துப் பார்த்தவன்.

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னை தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் தெருப் பாதையில் இரவுப் பந்தயம் நடக்க இருந்தது. மழையால் பாதை வேலை பின்தங்கி, சர்வதேச சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வரத் தாமதமாயிற்று. கூட்டம் காத்திருந்து முணுமுணுத்தது. ஓட்டுவது சில நிமிஷம், சோதனை இத்தனை மணி நேரமா என்றார்கள். எனக்கு அந்தத் தாமதம் முக்கியமாகப் படுகிறது. மற்ற நேரமெல்லாம் பந்தயம் நம்மிடம் காசையும் கைதட்டலையும்தான் கேட்கிறது. அன்று சில மணி நேரம், முகம் தெரியாத சில இளைஞர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்காகச் சும்மா நிற்கும்படி கேட்டது. ஜாமீன்தாரர் செலுத்தக்கூடிய மிகச் சிறிய தவணை அது. அதற்கே நம்மால் முணுமுணுக்காமல் இருக்க முடியவில்லை என்றால், பெரிய தொகை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.