ராகு காலம் தொண்ணூறு நிமிடம்

புதன்கிழமை மதியம் பன்னிரண்டே கால். பனிக்குடம் உடைந்துவிட்டது. தண்ணீர் பச்சையாக வருகிறது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. இதயத் துடிப்பு இறங்குகிறது. உடனே சிசேரியன் என்கிறார் டாக்டர். வெளியே பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஒன்றரை வரைக்கும் பொறுத்துக்கலாமுங்களா? ராகு காலமுங்க."

கதை என்று நினைக்கிறீர்களா? சேலத்திலோ நாமக்கல்லிலோ பிரசவ வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட அவசரத்தில், ஆபரேஷன் என்று முடிவெடுத்ததிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க மருத்துவ உலகம் வைத்திருக்கும் இலக்கு 30 நிமிடம். ராகு காலம் 90 நிமிடம். பிராணவாயு குறைந்த மூளை எந்தக் கணக்கைப் பார்க்கும்? இதற்குப் பதில் சொல்ல நாத்திகராக வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

"அவசரத்தில் யார் நேரம் பார்க்கிறார்கள்? நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்குத்தானே பார்க்கிறோம், அதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பீர்கள். நஷ்டத்தைக் கணக்குப் போடுவோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வேண்டும். ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் போன்ற ஊர்களின் சிறிய நர்சிங் ஹோம்களில் பெரும்பாலும் அவர் நிரந்தர ஊழியர் அல்ல. போன் போட்டால் வருபவர். ஓர் ஆஸ்பத்திரி முடித்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர். ஆனால் நல்ல லக்னம் ஊருக்கெல்லாம் ஒன்றுதானே? விடிகாலை நாலரைக்கு மூன்று ஆஸ்பத்திரிகள் ஒரே ஆளை அழைத்தால் அவர் எங்கே நிற்பார்?

முதுகில் ஊசி போட்டதோடு அவர் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. சில நிமிடங்களில் தாயின் ரத்த அழுத்தம் சரியும். குமட்டும், கண் இருட்டும். அந்த நேரத்தில் வலது இடுப்புக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கருப்பையை இடப்பக்கம் சாய்த்து, அழுத்தம் ஏற்றும் மருந்தைச் சரியான அளவில் செலுத்த ஒருவர் தலைமாட்டில் இருக்க வேண்டும். மரமரப்பு மேலேறினால் மூச்சு திணறும். குழந்தை வந்த பிறகு கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டலாம். ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருத்துவர் தியேட்டரை விட்டு நகரக் கூடாது என்று ஹார்வர்டு மருத்துவமனைகள் 1986-லேயே விதி எழுதின. நீங்கள் குறித்த முகூர்த்தம் அவரைப் பாதியில் காரேற்றி அனுப்பினால், அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நிற்பது யார்? பகலெல்லாம் உழைத்துவிட்டு அகாலத்தில் எழுந்து வந்த கை எத்தனை நிதானமாக இருக்கும்?

இன்னொரு நஷ்டம் உண்டு. மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடியுமுன் சிசேரியன் வேண்டாம் என்பது மருத்துவ அறிவுரை. அதற்கு முன்பு எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும் வாய்ப்பு கூடும். ஜோசியர் 37-ஆவது வாரத்தில் நல்ல நட்சத்திரம் இருக்கிறது என்கிறார். நட்சத்திரம் கிடைத்துவிட்டது, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு வாங்குகிறது. இதையா நல்ல நேரம் என்கிறீர்கள்?

பிறந்த முதல் நிமிடத்தைப் பயனுள்ள விதத்தில் கவனித்தவர் ஒருவர் உண்டு. அவரும் மயக்க மருத்துவர்தான்: நியூயார்க்கின் வர்ஜீனியா அப்கார். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கைகால் அசைவு, மூச்சு என ஐந்துக்கும் மதிப்பெண் போடும் முறையை 1953-இல் வெளியிட்டார். மொத்தம் பத்து. மதிப்பெண் குறைந்த குழந்தையைக் காப்பாற்றக் கைகள் உடனே விரைகின்றன. அதே நிமிடத்தைக் குறித்துக்கொண்டு போகும் ஜாதகம் அந்தக் குழந்தைக்கு என்ன செய்தது? தலையெழுத்து முன்பே எழுதப்பட்டது என்றால் தியேட்டர் புக்கிங் அதை மாற்றாது. மாற்றும் என்றால் அது தலையெழுத்தே அல்ல. இரண்டில் எதை நம்புகிறீர்கள்?

இத்தனைக்கும் நடுவில் வயிற்றைக் கொடுக்கிறவளை யார் கேட்டார்கள்? மாமனார் நேரம் சொல்கிறார், கணவர் கையெழுத்துப் போடுகிறார். மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் வெளியே கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சுயமாக முடிவெடுக்கத் தெரிந்தவரின் உடம்புக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். நல்ல நேரம் வரட்டும் என்று பட்டினி போட்டு, வலியோடு காக்கவைத்த அந்த மணிநேரங்களும் அவளுடையவைதான்.

நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944-இல், இதே சேலத்தில். அந்தப் பகுத்தறிவு மரபைப் பெருமையாகப் பேசும் நம் வீடுகளிலேயே பிரசவத்துக்குப் பஞ்சாங்கம் புரள்கிறது. படித்த டாக்டர்களும் அதற்குத் தலையாட்டுகிறார்கள். "மறுத்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். வியாபாரக் காரணம் அது. மருத்துவக் காரணம் அல்ல. ஆபத்தான கோரிக்கையை மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது டாக்டர். சேர்ந்து மறுத்தால் போவதற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே இருக்கும்?

வாசகரே, உங்களையும் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சிசேரியன் என்றதும் ஜோசியரைத் தேடிப் போகிறீர்கள். மயக்க மருந்து டாக்டரின் பெயராவது தெரியுமா? அவர் முந்தின நாளே வந்து அவளைப் பரிசோதிப்பாரா, கடைசித் தையல் வரை பக்கத்தில் இருப்பாரா, வாரம் 39 முடிந்ததா, ரத்தம் தயாரா? இந்தக் கேள்விகளுக்குத் தட்சணை வைக்க வேண்டியதில்லை. கேளுங்கள், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.