உத்தரவாதம் கேட்கும் மனம்

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பரிடம் பிராது கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பவில்லை, பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான், வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று எதுவானாலும் வெள்ளைத்தாளில் பெயர், ஊர் போட்டு மனுவாக எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மனுதாரரின் ஊர் எவ்வளவு தொலைவோ அதற்கேற்பப் படிப்பணம் உண்டு. காரியம் முடிந்ததும் மறுபடி வந்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். கோர்ட்டில் உள்ள நடைமுறையெல்லாம் இங்கேயும் உண்டு, வாய்தா ஒன்றைத் தவிர.

எனக்கும் ஒரு பிராது கட்ட ஆசைதான். என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல். பிராது என்றால் ஒரு குறை வேண்டும், ஒரு எதிராளி வேண்டும். என் கவலை காலையில் மகன் ஏறிப்போன பேருந்தைப் பற்றியது. பத்து மணிக்கு வங்கித் தவணை. மதியம் இடது தோளில் ஒரு வலி. மாலையில் யாரோ போனில் பேசிய தொனி. இரவு படுக்கும்போது எல்லாம் சரியாக இருந்தால், எதையோ மறந்துவிட்டோமோ என்று அதுவே கவலையாகிவிடும். ஆள் மாறுவார், பொருள் மாறும், கவலை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

மனநல மருத்துவர்கள் இதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. இப்போதைய அளவுகோல் இது: ஆறு மாதமாவது, பெரும்பாலான நாள்களில், பல விஷயங்களைப் பற்றி அடக்க முடியாத கவலை, கூடவே இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் சோர்ந்துபோவது, கவனம் நிற்காதது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக்கேடு ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், இவை அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவும் வேண்டும். நம் ஊரில் யாரும் இந்தப் பட்டியலோடு டாக்டரிடம் போவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, பிடரி இழுக்கிறது என்றுதான் போவோம். ஈசிஜி எடுப்பார்கள், நார்மல் என்பார்கள், கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதித் தருவார்கள். தைராய்டு பார்ப்பது நல்லதுதான், அது ஏறினாலும் இதே படபடப்பு வரும். அதுவும் நார்மல் என்றால் இருக்கவே இருக்கிறது நரம்புத் தளர்ச்சி என்ற பட்டம்.

“யாருக்குத்தான் கவலை இல்லை?” என்று கேட்பவர்களுக்கு எங்கள் பிழைப்பை வைத்தே பதில் சொல்லிவிடலாம். நான் இருப்பது பீங்கான் தொழிலில். வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டியில் பீங்கான் பியூஸ் கட்டை இருந்த காலம் போய், எம்.சி.பி. சுவிட்சு வந்துவிட்டது. கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குப் பொம்மை என்று பருவத்தை நம்பி ஓடும் பட்டறைகள் பல. இதில் கவலைப்பட நிறையவே இருக்கிறது. எந்த மாத்திரையும் பியூஸ் கட்டைக்கு மறுபடி மார்க்கெட்டைக் கொண்டுவராது. ஆனால் தொழில் கவலைக்கு ஒரு வேலை உண்டு: வியாபாரியிடம் பேச வேண்டும், அச்சை மாற்ற வேண்டும், கடனைத் தள்ளிப்போடக் கேட்க வேண்டும். அதைச் செய்ததும் கவலை கொஞ்சம் இறங்கும். நோயின் கவலை இறங்காது. சூளை எரியும் இரவில் எழுந்து போய்ப் பார்ப்பது தொழில். பார்த்துவிட்டு வந்து படுத்த பத்தாம் நிமிடம் மறுபடி எழுந்து போவது நோய். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பொறுப்பான ஆள் என்று பெயர்கூடக் கிடைக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. திருமுதுகுன்றத்தில், அதாவது இந்த விருத்தாசலத்தில், சுந்தரருக்குச் சிவபெருமான் 12,000 பொன் கொடுத்தார். திருவாரூர் வரை அதை எப்படித் தூக்கிப் போவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. பொன்னைக் கொடுத்தவரும் சிவன், வாக்குக் கொடுத்தவரும் சிவன். அப்படியும் சுந்தரர் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டுதான் மீதியை ஆற்றில் போட்டார். நாளை அங்கே கிடைக்கும் பொன்னின் மாற்று குறைந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே! பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தம்பிரான் தோழர் எனக்கு மிக நெருக்கமானவராகத் தெரிவது அந்த இடத்தில்தான்.

கனடாவில் மிஷேல் டியூகாஸ் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1990களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து சொல்லிவருகிறார்கள். இந்த நோயின் அடிவேர் ஆபத்தைப் பற்றிய பயம்கூட இல்லை, நிச்சயமில்லாததைத் தாங்க முடியாமைதான் என்பது அவர்கள் முடிவு. கெட்ட செய்தியைவிட, செய்தி வராத அரைமணி நேரம்தான் எங்களை வதைக்கும். அதனால் உத்தரவாதம் கேட்டுக்கொண்டே இருப்போம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்பது எல்லா வீட்டிலும் சொல்வது. பண்ருட்டி தாண்டியதும் ஒரு போன், கடலூரில் ஒரு போன், பஸ் நின்றால் ஏன் நின்றது என்று ஒரு போன் என்றால் அது வேறு. “ஏங்க, புள்ள தூங்குறானோ என்னவோ, விடுங்களேன்” என்பாள் மனைவி. எடுத்துப் பேசிவிட்டால் நிம்மதி வரும், கால்மணி நேரத்துக்கு. பிறகு அடுத்த உத்தரவாதம் வேண்டும். கிடைக்கக் கிடைக்கப் பசி கூடும் சரக்கு அது.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நான் முதலில் கேட்டதும் உத்தரவாதம்தான். “இந்த மாத்திரையால ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்? எத்தன நாள்ல சரியாயிடும்?” அவர் சிரித்துவிட்டு, இந்தக் கேள்வியே நோயில் பாதி என்றார். அதோடு நிறுத்தாமல் பதிலும் சொன்னார். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அவர் எழுதியது எஸ்சிடலோபிராம். இந்த நோய்க்கு முதலில் கொடுப்பது செரோட்டோனினைச் சார்ந்து வேலை செய்யும் இந்த வகை மருந்துகளைத்தான். செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவையும் உண்டு. போட்ட அன்றே எதுவும் ஆகாது. பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை பிடிக்கும். முதல் சில நாள்களில் குமட்டல் வரலாம், படபடப்பேகூடச் சற்றுக் கூடலாம். பலர் மாத்திரையை விட்டுவிடுவது இங்கேதான். பதற்றக்காரன் நள்ளிரவில் செல்போனில் பக்கவிளைவுப் பட்டியலைப் படிப்பதைப்போல ஆபத்தான வாசிப்பு வேறில்லை. பக்கவிளைவு பொய்யில்லை. தாம்பத்திய ஆர்வம் குறைவது உட்பட, ஆண்களும் பெண்களும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் சிலவும் அதில் உண்டு. சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சொல்லாமல் நிறுத்தினால் தலைசுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வும் வந்து, பார்த்தாயா இது விட முடியாத மருந்து என்று ஊர் சொல்வதை நிரூபித்ததுபோல் ஆகிவிடும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம்போலத் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் முறை.

எல்லோரும் இதைத் தூக்க மாத்திரை என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர் வேறொரு குடும்பத்துக்குப் பொருந்தும். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோஷ் நிறுவனத்தில் கண்டுபிடித்த லிப்ரியம் 1960இலும் வேலியம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. அந்த வகையைச் சேர்ந்ததுதான் இன்று நம் கடைகளில் கிடைக்கும் அல்பிரசோலம். போட்ட அரைமணி, ஒருமணியில் நெஞ்சு அடங்கும். அதன் சிக்கலே அதுதான். உத்தரவாதத்துக்கு அலையும் மனதுக்கு உத்தரவாதத்தையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் அது வேறெதையும் கேட்குமா? உடல் பழகிக்கொள்ளும், அளவு ஏறும், மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வயதானவர்கள் இரவில் எழும்போது விழுவதற்கும் இது காரணமாகும். தாங்க முடியாத நெருக்கடியில் கொஞ்ச நாள் இதை எழுதிக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் 2014 மார்ச் முதல் இது எச்1 அட்டவணை மருந்து. யாருடைய சீட்டுக்கு யாருக்குக் கொடுத்தது என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படியிருக்க, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று அட்டையில் இரண்டைப் பிய்த்துக் கொடுப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். கொடுப்பதும் தவறு, வாங்கிப் போடுவதும் தவறு.

மாத்திரை எனக்கு என்ன செய்தது என்று கேட்டால், கவலையை எடுத்துவிடவில்லை. கவலைக்கும் எனக்கும் நடுவே சற்று இடம் விட்டது. அந்த இடத்தில்தான் மற்ற சிகிச்சைகள் நடக்க முடியும். டாக்டர் என்னை உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். பகலில் எந்தக் கவலை வந்தாலும் அதில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்; மாலையில் குறிப்பிட்ட ஒரு அரைமணி நேரம், எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மொத்தமாகக் கவலைப்படலாம். தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் குழு 1983இல் சோதித்துப் பார்த்த முறையாம் இது. முதலில் கேலிக்கூத்தாகத்தான் பட்டது. ஆனால் காலையில் உலகமே இடிந்ததுபோல் எழுதிய வரி, மாலையில் படிக்கும்போது கால்வாசி கனம்கூட இல்லாமல் கிடக்கும். இதைவிட என்னை மாற்றியது போன் பயிற்சி. மகன் பயணம் போகும் நாளில் நானாக அழைக்கக் கூடாது. அவ்வளவுதான் வீட்டுப்பாடம். அந்த முதல் பயணம் முழுக்க வயிறு புரண்டது. புரண்டு, தானாகவே அடங்கியது. போன் செய்யாமலும் அடங்கும் என்பது எனக்குத் தெரியாமலே இத்தனை வயதாகியிருந்தது.

எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் செய்கிறேன். மணிமுத்தாற்றுப் பக்கம் நடை உண்டு. காபி காலையில் ஒன்றோடு சரி. இதைப் பற்றியெல்லாம் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்கிற நாளில் உதவுகின்றன.

அப்படியானால் கொளஞ்சியப்பர்? எனக்கு அதில் சண்டை இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரை அளந்து பார்த்து, எந்த மருந்தும் இல்லாமலே அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அடிக்காத, கட்டாத, ஆதரவான இடம் ஒன்று நோயாளிக்கு எவ்வளவு செய்யும் என்பதுதான் அதன் செய்தி. இதற்கு நேரெதிரான இடமும் தமிழ்நாட்டில்தான் இருந்தது. அதற்கு ஓராண்டு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். கோயிலுக்குப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன். சாமியிடம் கேட்டாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவரைத்தான் தடுப்பேன்.

சின்ன ஊரில் பெரிய குறை, பேச்சு சிகிச்சைக்குப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் கிடைப்பதில்லை என்பது. புதுச்சேரி ஜிப்மருக்கோ கடலூருக்கோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர எல்லோராலும் முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே இந்தியாவில் தொடங்கிவிட்டது; தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மருந்தோடு ஒரு ஆலோசகரும் வாரம் முழுக்க உட்காரும்வரை அதை முழுமை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. அதுவரை கையில் இருப்பது டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் அரசுச் சேவை, எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். புதிதாக மாத்திரை தொடங்கி முதல் வாரத்திலேயே நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர், நிறுத்துவதற்கு முன் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்; அவர் கிடைக்காவிட்டால் அந்த எண்ணுக்காவது பேசுங்கள்.