ஒதுக்கிய இருக்கை

பண்பைச் சொல்லித்தர முடியும் என்னும் நம்பிக்கையில் சிங்கப்பூர் 1979-இல் நாடளாவிய மரியாதை இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. இன்று பெருவிரைவு இரயிலில் முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் எனத் தனி இருக்கைகள் உள்ளன. நன்றே. ஆயினும், கோலூன்றிய மூதாட்டி ஒருவர் ஏறும்போது, அவ்விருக்கையில் இருப்பவரையே பெட்டி முழுதும் உறுத்து நோக்குகிறது. நோக்குவோருள் பலர் தாமும் அமர்ந்தே இருக்கின்றனர்! அறிவிப்பு ஒருவர் தலைமேல் கடமையை ஏற்றி ஏனையோரை விடுவித்துவிட்டதோ? அவரோ வெளியே தெரியாத நோயுடையவராகவும் இருக்கலாம். அதை யாரிடம் சொல்வார்?

நாணி எழுவதும் பண்புதானா என மாணவர் வினவக்கூடும். மூதாட்டியின் முழங்காலுக்கு அவ்வேறுபாடு இல்லை, எழுந்தவர்க்கே உண்டு. மறுநாள் அறிவிப்பில்லா இருக்கையில் அமர்ந்திருக்கையில் அவர் எழுகிறாரா என்று பார்க்கலாம்.