புது வார்டில் பழைய கை

சவூதியில் பத்துப் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்த ஒருவர் ஊர் திரும்பி, மதுரையிலோ கோவையிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது அபூர்வமான கதை இல்லை. வார்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். அவர்களைவிட இவருக்குச் சம்பளம் அதிகம். சீக்கிரமே இன்சார்ஜ் ஆக்கிவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. அந்த இடத்துக்குக் காத்திருந்த ஒருவரும் அதே வார்டில்தான் இருப்பார்.

இப்படிப்பட்டவருக்கு நம் ஊரில் இரண்டு விதமாகப் புத்தி சொல்வார்கள். ஆறு மாதம் வாயைத் திறக்காதே என்பது ஒன்று. முதல் நாளே நீ யாரென்று காட்டிவிடு, இல்லையென்றால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே கணக்குத்தான். நம் மதிப்பு ஏறுமா இறங்குமா என்பதைத் தாண்டி இரண்டிலும் ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவரை உள்ளே கொண்டுவந்ததும் கேள்வியே மாறிப்போகிறது: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது?

இன்சுலின் போடுவதையே எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் வயலில் வரும் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். வளைகுடா நாடுகளில் வயலில் பொதுவாகப் புழங்குவது 100தான். அங்கே பழகிய கை மூடியின் நிறத்தைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்தக் கை இங்கே 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். இதையே மாற்றி, 100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை சரிந்து ஆள் நினைவிழந்துவிடுவார், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இத்தனை வருடம் பிழையில்லாமல் செய்த பழக்கம் என்பதுதான் இங்கே அபாயம். புதிதாகப் படித்து வந்த பெண் பயத்தோடு இரண்டு முறை பார்ப்பாள். அனுபவசாலி பார்க்க மாட்டார், கை தானாக வேலை செய்துவிடும். ஆகவே அவருடைய முதல் கடமை, மகள் வயதுப் பெண்ணிடம் போய், "ஏம்மா, இந்த வயலுக்கு நீங்க எந்த சிரிஞ்ச் எடுக்கிறீங்க?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் மதிப்புக் குறையுமா என்றால், சிலரிடம் குறையலாம். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கேட்காமல் இருப்பவர் தன் கௌரவத்துக்கு வேறொருவரின் ரத்தச் சர்க்கரையைப் பணயம் வைக்கிறார்.

இதே அளவுகோல் மறுபக்கமும் பொருந்தும். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்கள் மற்ற ஆம்பூல்களோடு ஒரே டிரேயில் கலந்து கிடப்பதை அவர் முதல் நாளே பார்க்கிறார். அதைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அதை வார்டில் தனியாக, தெளிவாகக் குறியிட்டு வைக்க வேண்டும், முடிந்தால் வார்டில் வைக்கவே கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு, வந்த அன்றே எதற்கு வம்பு என்று ஒதுங்குவதற்கு அடக்கம் என்று பேர் வைக்க முடியாது. அன்றைக்கே இன்சார்ஜிடம் சொல்லியாக வேண்டும்.

போர்வை மடிக்கும் விதம், கேஸ் ஷீட்டில் தாள்களை அடுக்கும் வரிசை, டியூட்டி மாறும்போது முதல் பெட்டிலிருந்து தொடங்குவதா கடைசிப் பெட்டிலிருந்தா என்பதெல்லாம் வேறு ரகம். இவற்றில் "நாங்க அங்க இருந்தப்ப" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் முழுங்கிவிடுவதே நல்லது. அந்த வாக்கியத்தை நான்காவது முறை கேட்கிறவருக்கு ஐந்தாவது முறை அது பொட்டாசியத்தைப் பற்றியதாக இருந்தாலும் காதில் ஏறாது. வள்ளுவர் அவையறிதலை முதலில் வைத்து அடுத்த அதிகாரமாக அவையஞ்சாமையை வைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

இதுவரை சொன்னது சுலபம். சிக்கல், தவறு இன்னொருவருடையதாக இருக்கும்போது வருகிறது. இளைய நர்ஸ் சிரிஞ்ச் மாறி, தவறான அளவில் இன்சுலின் எடுத்துவிடுகிறார். மூத்தவர் கவனித்து, ஊசி போடும் முன் தடுத்துவிடுகிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றால் இப்படி நூலிழையில் தப்பியதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால், "வந்ததும் வராததுமா போட்டுக்கொடுத்துட்டாங்க" என்று வார்டே பேசும். எழுதாமல் விட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் நன்றியோடு இருப்பாள், மற்றவர்களும் நல்ல அக்கா என்பார்கள். விலை மலிவான அன்பு அது. அதே டிரேயில் அதே இரண்டு சிரிஞ்சுகளும் மறுநாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், தடுக்க ஆள் இல்லாத ஓர் இரவும் வரும்.

எழுதத்தான் வேண்டும். ஆனால் எப்படி எழுதுவது என்பதில்தான் மனிதத்தன்மை தெரியும். மேலே போகும் முன் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லி, முடிந்தால் அவளையே எழுதச் சொல்லிக் கூட உட்காரலாம். யார் செய்தார் என்பதோடு நிறுத்திவிடாமல், இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே இடத்தில் கிடந்ததைச் சேர்த்து எழுதலாம். எல்லாவற்றையும்விட, தன் கையில் தவறு வரும் நாளில் அதையும் அதே தாளில் அதே மையில் எழுதலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் செய்யாதவருக்கு முந்தைய இரண்டையும் செய்யும் யோக்கியதை இல்லை. நிர்வாகம் அந்தத் தாளை வைத்துச் சம்பளம் பிடிக்கும் இடமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அங்கே முதல் தவறு நிர்வாகத்துடையது. மூத்தவரின் சொல்லுக்கு ஏதாவது கனம் இருந்தால் அதை அந்தப் பிடித்தத்தை எதிர்ப்பதில் செலவழிக்கட்டும்.

புதியவரும் இளையவரும் வாய் திறக்க முறையாகவே இடம் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். பெரிய டாக்டரும் சொல்ல வேண்டும், நேற்றுச் சேர்ந்த நர்ஸும் சொல்ல வேண்டும். ஒரு முறை வாய் திறந்துவிட்டவர், ஏதோ சரியில்லை என்று பட்டால் மறுபடி திறப்பார் என்பது அதன் பின்னால் இருக்கும் யோசனை. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் அப்படிப்பட்ட குறைவு தென்படவில்லை. ஏன் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கட்டாயத்துக்காக டிக் அடிக்கப்படும் தாள் யாரையும் பேசவைக்காது என்பது ஒரு தரப்பு. நம் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் கஷ்டம் இருக்காது.

இனி, இன்சார்ஜ் இடத்துக்குக் காத்திருந்தவர். அவரிடம் புதியவர் மரியாதையை எதிர்பார்க்கவே கூடாது என்பேன். தனக்கு வர வேண்டியது கைவிட்டுப் போனதாக நினைக்கும் ஒருவர் முகத்தில் சிரிப்பை எதிர்பார்ப்பது இன்னொரு அநியாயம். பதவி வந்தால் மறுக்க வேண்டும் என்ற கடமையும் இல்லை, நியமித்தது நிர்வாகம். ஆனால் நோட்டீஸ் போர்டில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும் முன் நேரில் போய்ச் சொல்லும் கடமை உண்டு. வார்டு நடைமுறையைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்றால் அதை நர்ஸிங் சூப்பிரண்டிடம் சொல்லும் கடமையும் உண்டு. அதன் பிறகும் அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம், அது அவர் உரிமை. டியூட்டி மாறும்போது மட்டும் எந்தப் பெட்டுக்கு எந்த மருந்தை நிறுத்தியிருக்கிறது, எந்த டிரிப் எத்தனை மணிக்கு முடியும் என்பதை அவர் சொல்லியாக வேண்டும், இவர் கேட்டு எழுதியாக வேண்டும்.