மீண்ட உயிர்

என் மேஜை டிராயரில் ஒரு தபால்தலை கிடக்கிறது. 1998-இல் நம் அரசாங்கம் வெளியிட்டது. அதில் இருப்பவன் இந்திரலால் ராய் என்ற வங்காளி இளைஞன். சாவின் வாசலைத் தொட்டுத் திரும்பியவனுக்கு அந்த உயிர் முன்போலவே முழுச் சொந்தந்தானா என்ற கேள்வியை எனக்குள் போட்டுவிட்டவன் அவன்தான்.

1898-இல் கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்து, முதல் உலகப் போரின்போது 1917-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தான். பிரான்சுக்குப் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பர் 6-ஆம் தேதி அவன் ஓட்டிய எஸ்.இ.5 போர் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. செத்துவிட்டானென்று பிணங்களோடு கிடத்திவிட்டார்களாம். நினைவு திரும்பியதும் பிணவறைக் கதவைத் தட்டினானாம். கதை எப்படியோ, காயம் மெய். விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி அவன் விமானங்களையே படம் படமாக வரைந்து தள்ளினான். 1918 ஜூனில், கெஞ்சிக் கூத்தாடி, மறுபடி போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தான். ஜூலையில் இரண்டே வாரத்தில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினான். 22-ஆம் தேதி வானத்திலேயே முடிந்துபோனான். வயது பத்தொன்பது.

போன மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 1961-இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் குளித்தவர். 'தப்பிப் பிழைத்தவன் ஏன் திரும்பப் போனான்?' என்று கேட்பாரென எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அவனுக்கு மேல கயிறு பிடிச்சது யாரு தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகாயத்தில் ஏது கயிறு? ஒற்றை ஆள் உட்காரும் விமானம் அது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

குளிகாரன் கல்லில் காலை வைத்து எட்டுப் பாகம், பத்துப் பாகம் இறங்குவான். தோணியில் நிற்பவன் கையில் கயிறு. அது பெரும்பாலும் மச்சான் கையாக இருக்கும். தங்கையின் தாலிமேல் அக்கறையுள்ளவன் அசந்து நிற்கமாட்டான் என்பது அந்தக் கரையின் கணக்கு. பெரியவர் அந்தச் சலாபத்தில் ஒருநாள் அடியில் மயங்கிவிட்டார். கயிற்றை அசைக்கக்கூட இல்லை. மச்சானே சந்தேகப்பட்டு இழுத்திருக்கிறார். மூக்கிலும் காதிலும் ரத்தம். கரையில் ஒப்பாரியே வைத்துவிட்டார்களாம்.

"மூணாம் நா நான் எறங்குறேன்னேன். 'நீ எறங்கு, நான் புடிக்க மாட்டேன்'னுட்டான் மச்சான். எட்டு நா அவன் பின்னாலயே திரிஞ்சேன். அவன் இழுத்த உசுருல்லா? அவங்கிட்டக் கேக்காம எப்படிக் கொண்டு போவ?"

எட்டு நாள் கழித்து மச்சான் இசைந்தார், இவர் இறங்கினார். ஆக, திரும்பப் போனதில் இருவரும் ஒன்றுதான். இவருக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ராய்க்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆனாலும் இளமைக்குப் பறப்பதும் ஒரு பசிதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். வீரம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அவன் தாய் லொலிதா ராய் லண்டனில் இருந்தவள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1911-இல் அந்நகர வீதியில் ஊர்வலம் போனவள். மகன் இரண்டாம் முறை புறப்பட்டபோது அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? அவன் வீழ்த்திய விமானங்களில் பல இரண்டு பேர் அமர்பவை. அந்த ஜெர்மானியப் பிள்ளைகளுக்கும் எங்கேயோ ஒரு கயிறு, யாரோ ஒருத்தியின் கையில் இருந்திருக்கும். இதையெல்லாம் பெரியவரிடம் நான் சொல்லவில்லை.

தபால்தலையை எடுத்து நீட்டினேன். கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார்.

"சின்னப் பய" என்று சொல்லி, நனைந்துவிடாமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்தார்.