ஆறும் நிறைவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமழிசைப்பிரான் திருச்சந்தவிருத்தத்தின் இரண்டாம் பாசுரத்தில் ஆறு என்னும் எண்ணை நான்கு முறை எடுத்தருளுகிறார். ஓதுதல் முதலான அறுதொழில்கள், வஸந்தம் முதலான ருதுக்கள், ஆக்நேயம் முதலான யாகங்கள் என்று முதல் மூன்றுக்கும் பூருவர்கள் பொருள் அருளிச்செய்துள்ளனர். நான்காவது ஆறு ஞானம், பலம், ஐச்வர்யம், வீர்யம், சக்தி, தேஜஸ் என்னும் பகவத் குணங்கள். இதுவே இங்கு நமக்கு விஷயம்.

வங்கியில் காலம் கழித்த அடியேனுக்கு எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆறை மீதியின்றி வகுப்பவை, ஆறு தவிர, 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் ஆறே. எட்டுக்கு 1, 2, 4. கூட்டினால் 7, ஒன்று குறைகிறது. பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16, நான்கு மிகுகிறது. ஆறிலோ குறையும் இல்லை, மிகையும் இல்லை, கணக்கு நேராகிவிடுகிறது. இத்தகையதை நிறைவெண் என்பர். யவன தேசத்து யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் இதற்கு இலக்கணம் வகுத்தார். ஆறுக்குப் பின் 28, 496, 8128; பத்தாயிரத்துக்குள் வேறில்லை. 1, 2, 3 என்பவற்றைப் பெருக்கினாலும் ஆறே வரும். அடுத்தடுத்த மூன்று இயல் எண்களின் கூட்டலும் பெருக்கலும் ஒத்திருப்பது இங்கு மட்டுமே.

இதனால் ஷாட்குண்யம் கணிதத்தால் நிரூபணமாயிற்று என்று சொல்லப் புகுவது தகாது. நமக்குப் பிரமாணம் சாஸ்திரமே; எண் வெறும் உவமை. அவ்வுவமையும் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. வ்யூஹத்திலும் ஸங்கர்ஷணனிடம் ஞான பலங்களும், ப்ரத்யும்நனிடம் ஐச்வர்ய வீர்யங்களும், அநிருத்தனிடம் சக்தி தேஜஸ்ஸுகளும் என இவ்விரண்டாகவே சொல்லப்படுகின்றன. ஆனால் எண்ணில் இரண்டைப் பெற்றவனுக்கு மற்ற நான்கு இல்லை. எம்பெருமானிடம் அப்படியன்று, அந்தந்தக் காரியத்துக்கு ஏற்ப இரண்டு விளங்கித் தோன்றும், ஆறும் குறைவற அங்கே உள்ளன. பங்கிட்டும் குறையாத முதல் எந்தப் பேரேட்டிலும் கிடையாது.

இத்தனை தெரிந்தும் ஓர் ஐயம் அடியேனை நெடுநாள் வருத்தியது. ஆறே நிறைவு எனில், தயை எங்கே? எல்லாம் அறிபவன் என் குற்றங்களையும் அறிகிறான். அவற்றுக்குத் தண்டம் விதிக்க வல்லவனாகவும் இருக்கிறான். மறைக்க ஒன்றும் இல்லாத தணிக்கையாளர் முன் நிற்பவனுக்கு அவருடைய அறிவும் அதிகாரமும் அச்சத்தையே தரும். பணி ஓய்வுக்குப் பின், காலக்ஷேபம் ஸாதித்து வந்த பெரியவர் ஒருவரிடம் இதை விண்ணப்பித்தேன். அவர் விடை கூறவில்லை. சரணாகதி கத்யத்தைச் சேவிக்கச் சொன்னார். ஞானம் முதலான ஆறையும் சொல்லி, தேஜஸ் என்றவிடத்தில் அடியேன் வழக்கம்போல் மூச்சுவிட நிறுத்தினேன்.

“அங்கே நிறுத்துவதற்கு ஸ்வாமி இடம் வைக்கவில்லையே ஓய்!” என்றார்.

மீண்டும் தொடங்கினேன். தேஜஸ்ஸை ஒட்டியே ஸௌசீல்யம், அடுத்தே வாத்ஸல்யம். எம்பெருமானார் அவற்றைத் தனி வாக்கியமாக்கவில்லை. ஒரே ஸமாஸத்தில் கோத்து, மேலும் பல குணங்களை அடுக்கி, முடிவில் எண்ணிறந்தவை என்று அருளினார். ஆறு முடிந்தது என்று அடியேன் கோடிட்ட இடத்தில் அவர் கோடிடவே இல்லை.

அடியேன் ராமாநுஜ தாஸன்