வலியும் சாட்சியமே

தன் உடம்பு நோவதாக ஒரு பெண் சொல்கிறாள். நம் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. அதனால் அவள் சொல் பொய்யாகிவிடுமா?

பிரசவத்துக்குப் பின் சிலருக்குக் கருப்பை இறக்கமும் சிறுநீர்க் கசிவும் ஏற்படுவதுண்டு. இதற்காகப் பிளாஸ்டிக் இழையால் பின்னிய வலையை மர்ம உறுப்பின் வழியே பொருத்தும் சிகிச்சை பல நாடுகளில் பரவிற்று. பலர் குணமடைந்தனர். வேறு சிலருக்கோ வலை சதையை அரித்தது. உட்காரவும் நடக்கவும் முடியாத வலி, தாம்பத்தியத்தில் வேதனை. வலைக்குள் சதை வளர்ந்துவிடுவதால் அதை அகற்றுவதும் கடினம். முறையிட்டவர்களை, எல்லாம் மனப்பிரமை என்று மருத்துவர்களே தட்டிக்கழித்ததுண்டு. இங்கிலாந்தில் 2018-ல் இச்சிகிச்சை பெருமளவு நிறுத்திவைக்கப்பட்டது. 2020-ல் வெளியான கம்பர்லெஜ் அம்மையாரின் விசாரணை அறிக்கை, அப்பெண்களின் முறையீடுகள் புறக்கணிக்கப்பட்டதை வெளிப்படுத்தியது.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமது நிற்காத உதிரப்போக்கை நாயகம் (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். அண்ணலார் அதை நம்பிக் கேட்டு, அது மாதவிடாய் அன்று என விளக்கி, தொழும் வழியையும் காட்டினார்கள். மாதவிடாய், இத்தா விஷயங்களில் பெண்ணின் சொல்லையே சட்ட மேதைகளும் பொதுவாக ஏற்கின்றனர்.

வெட்கம் ஈமானைச் சேர்ந்ததுதான். நோயை மறைப்பது வெட்கமன்று. நமது உடுமலைப்பேட்டையில் மில்லில் நாள் முழுதும் நிற்கும் சகோதரி, இடுப்பு நோவு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், மீதியைப் பரிவோடு கேட்பது கணவரின் கடமை. அறுவைக்குச் சம்மதிக்குமுன் உள்ளே என்ன வைக்கிறார்கள், பின்னர் எடுக்க முடியுமா என்று கேட்பது அவளது உரிமை.

மனைவியின் உடல் நம் கையில் அமானத். அவள் வலியை நம்பாதவர் அந்த அமானத்தைப் பேணியவராக மாட்டார். அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.